நடுக்கத்தை மறைக்கிற வேலையை விட்டுவிடுங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. உற்பத்தி நிறுவனம் ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவதில் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. எழுந்து நின்று பேசச் சொன்னால்தான் ஆளே மாறிவிடுகிறேன். பதவி உயர்வு வந்த பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை 40 பேர் முன்னால் எங்கள் பிரிவின் அறிக்கையைச் சொல்ல வேண்டும். முதல் தடவை வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இரண்டாவது நிமிடத்தில் குரல் நடுங்கியது, கையில் இருந்த தாள் படபடவென்று ஆடியது, அடுத்த வரி மறந்துபோயிற்று. தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த தடவை விடுப்பு எடுத்துவிட்டேன். இன்னும் 3 வாரத்தில் மறுபடி என் முறை வருகிறது. இது பிறவிக் குணமா? மாத்திரை ஏதாவது உண்டா? இந்தப் பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். குரல் நடுங்கியதையும் தாள் ஆடியதையும் அவ்வளவு வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்ததை மட்டும் போகிற போக்கில் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. மேடைப் பயம் என்று என்னிடம் வந்தவர்களில் அநேகம் பேரை, பயத்தைவிட அதை மறைக்க அவர்கள் செய்கிற வேலைகள்தான் அதிகம் படுத்தியிருக்கின்றன. உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முதலில், அன்றைக்கு உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். நாற்பது பேரின் கண்கள் ஒரே நேரத்தில் நம்மேல் திரும்பினால் மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிவிடுகிறது. இதயம் வேகமாக அடித்துப் பெரிய தசைகளுக்கு ரத்தத்தை அனுப்புகிறது. விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைவதால் கை சில்லிடுகிறது. செரிமான வேலையை உடம்பு தள்ளிப் போடுகிறது, எச்சில் குறைந்து வாய் வறள்கிறது. தசைகள் முறுக்கேறி நிற்பதால் நடுக்கம் வருகிறது. குரல்நாண்களை இழுத்துப் பிடிப்பவையும் தசைகள்தான், அவையும் இறுகுகின்றன. மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுவதால் குரலைத் தாங்கக் காற்று போதவில்லை. ஓடத் தயாரான ஓர் உடம்பைத் தாளைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கச் சொல்கிறோம். அது நடுங்கத்தான் செய்யும்.

உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 1993-ல் ஜெர்மனியில் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆரோக்கியமான மனிதர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் மன அழுத்தத்தை வரவழைக்க ஒரு முறையை வகுத்தார்கள். வலி கொடுக்கவில்லை, பயமுறுத்தும் படம் எதையும் காட்டவில்லை. முகத்தில் ஓர் உணர்ச்சியும் காட்டாத சிறு குழுவின் முன்னால் நிறுத்தி 5 நிமிடம் பேசச் சொன்னார்கள், அப்புறம் 5 நிமிடம் மனக்கணக்கு போடச் சொன்னார்கள். அவ்வளவுதான். இதயத் துடிப்பும், எச்சிலில் அளந்த கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் நன்றாகவே ஏறின. மன அழுத்தத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் பல நாடுகளில் இந்தச் சோதனையைத்தான் பயன்படுத்துகிறார்கள். யாரை நிறுத்தினாலும் வேலை செய்யும் என்று அவர்கள் நம்பித் தேர்ந்தெடுத்த விஷயம் மேடைப் பேச்சு.

பிறவிக் குணமா என்று கேட்டிருந்தீர்கள். சிலருக்கு இந்த எச்சரிக்கை மணி பிறவியிலேயே கொஞ்சம் சீக்கிரம் அடிக்கும், அது உண்மைதான். மணி அடிப்பவர்கள் பேச்சாளர் ஆக முடியாது என்பதுதான் உண்மையில்லை. பேச்சுக்கலையைப் பற்றி கி.மு. 55-ல் ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிய உரையாடலில், அந்தக் காலத்தின் தலைசிறந்த பேச்சாளரான கிராசஸ் பேசுகிறார். பேச்சைத் தொடங்கும்போது தான் வெளிறிப்போவதையும் உடம்பெல்லாம் நடுங்குவதையும் அவரே அதில் சொல்கிறார். நடுங்கிக்கொண்டேதான் அவர் தொடங்கினார். தொடங்கியதை முடிக்கவும் செய்தார்.

இப்போது அந்தத் தொண்டை விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்த அந்த நொடியில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 'அப்பாடா' என்றிருந்திருக்கும். அந்த நிம்மதியை மூளை ஒரு பாடமாக எழுதி வைத்துக்கொள்கிறது: ஆபத்து வந்தது, விலகினோம், பிழைத்தோம். விடுப்பு எடுத்த நாளில் அதே பாடம் இன்னொரு தடவை பதிந்தது. அதனால்தான் இரண்டாவது தடவை பேசவே இல்லாதபோதும் பயம் குறையாமல் கூடியிருக்கிறது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. படபடப்பு பெரும்பாலும் பேசப்போவதற்குச் சற்று முன்பும் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களிலும்தான் உச்சத்தில் இருக்கும். விலகாமல் நின்று பேசினால் அதுவாக இறங்கத் தொடங்கும். நீங்கள் உட்கார்ந்துவிட்டது இரண்டாவது நிமிடத்தில், மலையுச்சியில் நின்றபோது. ஐந்தாவது நிமிடம் எப்படி இருக்கும் என்று உங்கள் உடம்புக்கு இன்னும் தெரியாது. இந்த 3 வாரத்தில் நாம் செய்யப்போவதெல்லாம் அதை அந்த ஐந்தாவது நிமிடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவதுதான்.

மறைக்கிற வேலைகள் என்றேன். பேனாவை இறுகப் பிடிப்பது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று வேகமாகப் பேசுவது, பின்சுவரைப் பார்த்துப் பேசுவது, தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வது, வரிக்கு வரி மனப்பாடம் செய்வது என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். 1995-ல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் சமூகப் பதற்றத்தை விளக்கியபோது இவற்றுக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள். பாதுகாப்புக்கென்று நாம் செய்கிற இந்தக் காரியங்கள் நம் கவனத்தை நம் பக்கமே திருப்பிவிடுகின்றன என்பது அவர்கள் விளக்கம். 'கை ஆடுகிறதா, குரல் உடைகிறதா, கண்டுபிடித்துவிட்டார்களா' என்று உள்ளே ஒருவர் காவல் காத்துக்கொண்டே இருக்கிறார். எதிரே இருப்பவர்களைப் பார்க்க ஆள் மிச்சமில்லை. போதாததற்கு, இறுகப் பிடித்த கைதான் அதிகம் ஆடும், வேகமாகப் பேசினால்தான் மூச்சு முட்டும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான். கணக்குப் பிரிவில் இருந்தவர். நடுக்கம் தெரியக்கூடாது என்று பேசி முடிக்கும் வரை ஒரு பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். என் அறையில் அவரை இரண்டு தடவை பேசச் சொல்லிக் கைப்பேசியில் படம் பிடித்தேன். முதல் தடவை அவர் வழக்கப்படி. இரண்டாவது தடவை பேனா கிடையாது, கை எப்படி ஆடினாலும் ஆடட்டும், மேசைமேல் சும்மா கிடக்கட்டும் என்றேன். படத்தைப் பார்க்கும் முன்பு, நடுக்கம் எவ்வளவு தெரியும் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். இரண்டுக்கும் 9 போட்டார். அப்புறம் ஓடவிட்டேன். முதல் படத்தில் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது, பேனா மூடி மேசை விளிம்பில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கு அதுவரை அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. இரண்டாவது படத்தை மூன்று தடவை ஓடவிடச் சொன்னார். இடது கையின் சுண்டுவிரல் மட்டும் தொடக்கத்தில் லேசாகத் துடித்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. 'கொஞ்சம் அவசரக்காரர் மாதிரி இருக்கேன், அவ்வளவுதான்' என்றார். மதிப்பெண்ணை 3 என்று திருத்தினார்.

உள்ளே நாம் உணர்வதெல்லாம் வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். நம் இதயத் துடிப்பு நம் காதில் இடி மாதிரி கேட்கும், முதல் வரிசையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. 2003-ல் சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற ஆய்வாளர்கள், பேசப்போகிறவர்களில் ஒரு குழுவுக்கு இந்த உண்மையை மட்டும் முன்கூட்டியே விளக்கினார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள், கேட்டவர்களும் அப்படியே சொன்னார்கள். 'படபடப்பு சகஜம், கவலைப்படாதீர்கள்' என்று வெறும் ஆறுதல் சொல்லி அனுப்பிய குழுவுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால்தான் நானும் ஆறுதலைக் குறைத்துக்கொண்டு இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

சரி, 3 வாரம் இருக்கிறது. போதும்.

இன்றைக்கே அந்த மனப்பாடத் தாளை எடுத்து வைத்துவிடுங்கள். வரிக்கு வரி மனப்பாடம் செய்த பேச்சு ஒரு சங்கிலி. ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்தது கைக்கு வராது. பதற்றத்தில் முதலில் கைவிடுவதும் இந்த வகை நினைவுதான். அதற்குப் பதிலாக உங்கள் அறிக்கை நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். எந்தக் கேள்விகள் என்பதை உங்களுக்காக யோசிக்காதீர்கள், அந்த 40 பேருக்காக யோசியுங்கள். திருக்குறளில் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, தெரிந்திருக்கும். அதற்கு நேர் முந்தைய அதிகாரம் அவையறிதல். அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் அவையில் யார் யார் இருக்கிறார்கள்? உற்பத்திப் பிரிவுக்காரருக்கு எந்தத் தொகுப்பு திரும்பி வந்தது, ஏன் வந்தது என்று தெரிய வேண்டும். விற்பனைப் பிரிவுக்காரர் நாளைக்கு வாடிக்கையாளரிடம் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார். மேலாளருக்குச் செலவு எவ்வளவு, எப்போது சரியாகும் என்பது கவலை. அவர்கள் உங்கள் குரலை மதிப்பிட அங்கே வரவில்லை, ஆளுக்கு ஒரு கேள்வியோடு வருகிறார்கள். பதில் உங்களிடம் இருக்கிறது, 9 வருடமாக இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் நாலைந்து சொற்களை ஒரு கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மெல்லிய தாள் வேண்டாம், கையின் சின்ன ஆட்டத்தையும் அது பெரிதாக்கிக் காட்டும்.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நெட்டுருப் போடலாம், அது முதல் வாக்கியம். 'அனைவருக்கும் வணக்கம், எனக்கு இந்த வாய்ப்பை அளித்த' என்று ஆரம்பிக்காதீர்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கிற நேரத்தில் பொருளில்லாத சொற்களைச் சுமக்க வேண்டாம். 'இந்தக் காலாண்டில் நமக்குத் திரும்பி வந்த பொருட்களில் பாதிக்கு ஒரே காரணம்தான்' என்கிற மாதிரி நேராக விஷயத்தில் கால் வையுங்கள். கேட்பவர்கள் விஷயத்துக்குத் திரும்பிவிடுவார்கள், அவர்களோடு நீங்களும் திரும்புவீர்கள்.

பயிற்சியை வாய்விட்டு, நின்றுகொண்டு செய்யுங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது பேச்சுப் பயிற்சி ஆகாது. ஒவ்வொரு தடவையும் சொற்கள் மாறட்டும், மாற வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பேசச் சொல்கிற அறிவுரை நிறையக் காதில் விழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்களை நீங்களே கண்காணிக்கிற பழக்கத்தைத்தான் விடப் பார்க்கிறோம், கண்ணாடி அதையே வளர்க்கும். வேண்டுமானால் படம் பிடித்து ஒரு நாள் கழித்துப் பாருங்கள், யாரோ ஒருவர் பேசுவதைப் பார்க்கிற மாதிரி.

அப்புறம் படி படியாக ஏறுங்கள். முதலில் வீட்டில் ஒருவருக்கு முன்னால். பிறகு நம்பிக்கையான இரண்டு மூன்று சக ஊழியர்களுக்கு முன்னால். பிறகு கூட்டம் நடக்கிற அதே அறையில், அது காலியாக இருக்கும்போது, நீங்கள் நிற்கப்போகிற அதே இடத்தில் நின்று. இதற்கிடையே நீங்கள் போகிற எல்லாக் கூட்டங்களிலும் ஒரு கேள்வியாவது எழுந்து நின்று கேளுங்கள். ஒரு படியில் ஒரு தடவை தப்பித்துவிட்டால் போதும் என்று அடுத்ததற்கு ஓடிவிடாதீர்கள். அதே படியில் அலுப்புத் தட்டுகிற வரைக்கும் நில்லுங்கள். பயம் போய்விட்டதற்கு அலுப்பைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

அன்றைய தினம். எழுந்து போவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் மூச்சை மெதுவாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், 4 எண்ணி இழுத்தால் 6 எண்ணி விடுங்கள். ஆழமாக, வேகமாக இழுத்து இழுத்து விடாதீர்கள், ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைதான் சுற்றும். 'பதறாதே, அமைதியாக இரு' என்று உங்களுக்கே கட்டளை போட வேண்டாம். 2014-ல் ஆலிசன் உட் புரூக்ஸ் என்பவர் செய்த ஆய்வில், பேசுவதற்கு முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான், பெயரை மாற்றி வைப்பது லேசு. ஓடுகிற இதயத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டம்.

முன்னால் போய் நின்றதும் உடனே வாயைத் திறக்காதீர்கள். இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஒரு மூச்சு விட்டு, தெரிந்த முகம் ஒன்றைப் பாருங்கள். முதல் வாக்கியத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். மெல்லிய குரல்தான் சீக்கிரம் உடையும். ஒரு வாக்கியம் முடிகிற வரை ஒரு முகத்தைப் பாருங்கள், அடுத்த வாக்கியத்துக்கு இன்னொரு முகம். அப்போது 40 பேர் இருக்க மாட்டார்கள், மாற்றி மாற்றி ஒரே ஒருவர்தான் இருப்பார். ஒருவரோடு உங்களுக்குப் பேச வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மறந்துபோனால்? போகலாம். அப்போது 'கொஞ்சம் பொறுங்கள், குறிப்பைப் பார்த்துவிடுகிறேன்' என்று இயல்பாகச் சொல்லிவிட்டு அட்டையைப் பாருங்கள். உங்களுக்கு ஒரு யுகமாகத் தோன்றுகிற அந்த மௌனம் கேட்பவருக்கு நாலு நொடி. வீட்டில் பயிற்சி செய்யும்போதே இரண்டு தடவை வேண்டுமென்றே நடுவில் நின்று இதைச் சொல்லிப் பழகுங்கள். குரல் நடுங்கினால் மறைக்கப் போராடாமல் நடுங்குகிற குரலிலேயே அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். உட்காருவது மட்டும் கூடாது.

மாத்திரை பற்றி. நான் மருந்து எழுதித் தருகிற மருத்துவர் அல்ல, உளவியல் ஆலோசகர். நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாகப் புரோப்ரனலால் ஆக இருக்கும். 1960-களில் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி இதய நோய்க்காக உருவாக்கியது, 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அட்ரினலினின் வேலையைத் தடுத்து இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் என்பதால் சில மருத்துவர்கள் மேடை நிகழ்ச்சிக்கு முன் எழுதித் தருவதுண்டு. ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இது ஆபத்து. நாடித் துடிப்போ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே குறைவாக இருந்தாலும் ஆகாது. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்குவதன் எச்சரிக்கை அறிகுறிகளை மறைத்துவிடும். தோழி கொடுத்தாள், கடையில் வாங்கினேன் என்று தயவுசெய்து போட்டுக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு இந்த 3 வாரத்தில் அது தேவைப்படாது என்பது என் எண்ணம். மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகப் பேசினால் அந்தப் பெயரை மாத்திரை வாங்கிக்கொள்ளும், இன்னொரு பேனா கையில் சேர்ந்துவிடும். தூக்க மாத்திரை, மது பக்கம் போகவே வேண்டாம்.

பேசுவதற்கு மட்டும் இல்லாமல், பிறர் முன்னால் சாப்பிட, கையெழுத்துப் போட, தொலைபேசியில் பேச, புதியவர்களைச் சந்திக்க என்று பல இடங்களில் இந்தப் பயம் பல மாதங்களாக இருந்தால் அது வேறு கதை. சமூகப் பதற்றக் கோளாறு என்று அதற்குப் பெயர், நேரில் ஓர் உளவியலாளரைப் பாருங்கள். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை அதற்கு நன்றாகவே பலன் தருகிறது. பேசும்போது மட்டும் வருகிற பயமும் வேலையையே விடத் தூண்டுகிற அளவுக்கு இருந்தால் சிகிச்சைக்கு உரியதுதான். இந்த 3 வாரத்தில் முதல் படியிலேயே கால் நகரவில்லை என்றால் தயங்காமல் போங்கள்.

பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள், இப்போது வேண்டவே வேண்டாம். அது பெரிய விடுப்பு விண்ணப்பம், அதே 'அப்பாடா' அதிலும் இருக்கிறது. இந்த அறிக்கையைச் சொல்லி முடித்து, அடுத்ததையும் சொல்லி முடித்த பிறகு இந்த வேலை பிடிக்கவில்லை என்று தோன்றினால் அப்போது யோசியுங்கள். மேலாளர் நல்லவராக இருந்தால் அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: 'முதல் தடவை எனக்குத் தொண்டைக்கு ஒன்றும் இல்லை சார், பயந்துவிட்டேன். இந்தத் தடவை பேசுகிறேன்.' இதைச் சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் உங்களுக்குள் காவல் காத்துக்கொண்டிருக்கிற அந்த ஆளுக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

பேசி முடித்ததும் ஓடிவந்து உட்கார்ந்துவிடாமல் 'கேள்வி ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். கை எவ்வளவு நடுங்கியது என்று எழுத வேண்டாம். யார் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.